முத்துச்சிப்பியின் ரெண்டு மேடுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பொதுவில் கிடைக்கும் முத்துச்சிப்பி டிஎன்ஏ தரவை என் மடிக்கணினியில் இறக்கினேன். பகலில் நான் எழுதுவது வங்கி மென்பொருள். உயிரியலை பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவன். ஆனா ஜீனோம் என்பது கடைசியில் நாலே எழுத்து கொண்ட ஒரு பெரிய உரைக்கோப்புதான். உரைக்கோப்பைக் கண்டு எனக்குப் பயமில்லை.

முதலில் செய்யும் சோதனை எளிமையானது. கோப்பு முழுவதையும் 21 எழுத்துத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, வரைபடம் போட வேண்டும். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒரே மாதிரி டிஎன்ஏ பெற்ற விலங்கு என்றால் படத்தில் ஒரே ஒரு மேடு தெரியும். இரண்டும் நிறைய வேறுபட்டால், பாதித் தூரத்தில் இன்னொரு மேடு எழும்பும். மனிதனுக்குப் போட்டால் அந்த இரண்டாவது மேடு சின்னத் திட்டுதான். சிப்பிக்குப் போட்டேன். ஒட்டகத்தின் முதுகு மாதிரி ரெண்டு மேடும் ஓங்கி நின்றது.

தரவில்தான் ஏதோ பிழை என்று நினைத்து மறுபடியும் ஓட்டினேன். பிழை இல்லை. அந்த விலங்கே அப்படித்தான். அந்த ரெண்டு மேட்டுக்குப் பின்னால் தூத்துக்குடியும் ஜப்பானும் சேர்ந்த ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

பார் என்னும் புதிர்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் பெயர் 'பார்'. தூத்துக்குடிப் பக்கம் தொலையிரம் பார், இலங்கைப் பக்கம் பெரிய பார், சேவல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கொற்கையின் முத்தைப் பற்றி நம் சங்கப் பாடல்கள் மட்டும் பேசவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸும் பேசுகிறது. அங்கே முத்துக்குளிக்கும் வேலையில் தண்டனை பெற்ற கைதிகளை ஈடுபடுத்தினார்கள் என்கிறது அது. பிறகு போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடி மாறிக்கொண்டே இருந்தது. மூச்சடக்கி இறங்கும் ஆட்கள் மட்டும் மாறவில்லை. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு.

ஆண்ட எல்லாருக்கும் ஒரே தலைவலி. சிப்பி சில வருசம் கோடிக்கணக்கில் வரும். பிறகு பத்து, இருபது வருசம் வராது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இலங்கையில் 1891க்குப் பிறகு பத்து ஆண்டுக்கும் மேலாக முத்துக்குளிப்பே நடக்கவில்லை. வருமானம் நின்று போன காலனி அரசு, லிவர்பூலில் விலங்கியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹெர்ட்மனை 1902ல் வரவழைத்தது. அவருடன் உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னல். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநரானவர். இவர்களுடைய ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக லண்டன் ராயல் சொசைட்டி வழியாக வெளிவந்தது.

அவர்கள் கண்ட ஒரு விஷயம் இன்றும் முக்கியம். பெரிய பாரில் குஞ்சுச் சிப்பிகள் திரும்பத் திரும்பக் கோடிக்கணக்கில் வந்து ஒட்டுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் புரண்டு மூடி மொத்தமாக அழிகின்றன. குஞ்சு வருவதில் குறையே இல்லை, பிழைப்பதில்தான் குறை. ஆகவே குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுங்கள் என்று ஹெர்ட்மன் சொன்னார்.

முத்து எப்படி உருவாகிறது என்பதற்கும் அவர் ஒரு காரணம் சொன்னார்: நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பிக்குள் புகுவதால். இது நிற்கவில்லை. ஹென்றி லிஸ்டர் ஜேம்சன் என்பவர் 1902லேயே நீலமட்டியை வெட்டிப் பார்த்து, முத்தைச் சுற்றி ஓட்டைச் சுரக்கும் அதே திசு ஒரு பை போல மூடியிருப்பதைக் காட்டியிருந்தார். இலங்கைச் சிப்பியையும் ஆராய்ந்து, 1912ல் புழுக் கொள்கையை நேரடியாகவே மறுத்தார். முத்து உருவாகப் புழு கட்டாயம் இல்லை, அந்தப் பைதான் கட்டாயம்.

இதற்கிடையே 1903லிருந்து பார்கள் தாமாகவே விழித்துக்கொண்டன. 1905ல் மட்டும் இலங்கைப் பக்கம் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நடந்த குளிப்பில் மேற்பார்வை வேலைக்குப் போன இளம் அதிகாரிகளில் ஒருவர், பிற்காலத்தில் வர்ஜீனியா வுல்ஃபை மணந்த லியனார்ட் வுல்ஃப். 1906ல் ஒரு லண்டன் கம்பெனி 20 ஆண்டுக்கு அந்தப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி நின்றுபோனது. அடுத்த குளிப்பு 1925ல்தான். குத்தகைக் காலம் முடியும்வரை கம்பெனி தாக்குப்பிடிக்கவில்லை.

ஐந்து தொகுதி அறிவியல் கையில் இருந்தும், பார் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியவில்லை. சில வருசம் முன்னால் தூத்துக்குடியில் சங்கு குளித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, வரும்போது வரும், போகும்போது போகும். கடல்கிட்ட போய் கணக்கு கேக்க முடியுமா?" என்றார். அப்போது சிரித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதற்கு ஒரு கணிதம் இருக்கிறது. அது பிறகு வரும்.

ஜப்பானின் வழி

அதே காலத்தில் ஜப்பானின் மியே பகுதியில் கோகிச்சி மிக்கிமோட்டோ கடலையே பண்ணையாக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். 1892ல் செங்கடல் அலை, அதாவது நுண்பாசி பெருகிக் கடல் சிவக்கும் நிகழ்வு, அவருடைய சிப்பிகளை அழித்தது. மறு ஆண்டு 1893 ஜூலையில், மிஞ்சிய சிப்பிகளில் அரைக்கோள முத்து கிடைத்தது. 1905ல் மறுபடி அதே சிவப்பு அலை, மறுபடி பெரும் சாவு.

முழு உருண்டை முத்துக்கான வழியைக் கண்டவர்கள் தத்சுஹேய் மிசே, தோகிச்சி நிஷிகாவா என்று சொல்வது வழக்கம். நிஷிகாவா மிக்கிமோட்டோவின் மருமகன். ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயர் சாவில்-கென்டுக்கும் இதில் பங்குண்டு என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. யார் முதல் என்பது இங்கே நமக்கு முக்கியமில்லை. முறை என்ன என்பதுதான் முக்கியம்.

ஒரு சிப்பியைக் கொன்று, அதன் ஓட்டைச் சுரக்கும் போர்வைத் திசுவிலிருந்து சின்னத் துண்டு வெட்டுகிறார்கள். இன்னொரு சிப்பியை லேசாகத் திறந்து, அதன் இனப்பெருக்க உறுப்பருகே ஓட்டால் செய்த உருண்டைக் கருவையும் அந்தத் திசுத் துண்டையும் ஒட்டினாற்போல வைக்கிறார்கள். திசு வளர்ந்து கருவைப் பையாக மூடுகிறது. பை உள்பக்கமாக முத்துப்பூச்சைச் சுரக்கிறது. கருவுக்கான ஓடு மட்டும் பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் மட்டியிலிருந்து வந்தது. ஜேம்சன் பார்த்த பையைத்தான் இவர்கள் கையால் செய்தார்கள்.

இதைக் கவனித்துப் பார்த்தால் இது ஒரு உறுப்பு மாற்று அறுவை. முத்தைச் செய்கிற திசு ஒரு சிப்பியுடையது. அதைச் சுமந்து சோறு போடுகிற உடம்பு இன்னொரு சிப்பியுடையது. அப்படியானால் முத்தின் நிறமும் பளபளப்பும் யாருடைய மரபு? இந்தக் கேள்விக்கு டிஎன்ஏ அடையாளங்கள் வந்த பிறகுதான் தெளிவான விடை கிடைத்தது. தென்கடல் சிப்பிகளில் ஒரு இனத்தின் திசுவை இன்னொரு இனத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். முத்துப்பையில் வேலை செய்யும் ஓட்டு மரபணுக்கள் திசு கொடுத்த சிப்பியுடையவை. சுமந்த உடம்பின் ஆரோக்கியம் முத்தின் அளவையும் உயிரையும் பாதிக்கிறது, அழகின் செய்முறை மட்டும் கொடையாளியுடையது.

பண்ணைக்காரர் மொழியில் சொன்னால், நல்ல நிறமுள்ள சில சிப்பிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடையாளிக் கூட்டத்தை வளர்க்கலாம். வளர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக, நெருங்கிய உறவுக்குள்ளேயே. இதன் விலை பின்னால் தெரியவந்தது.

வேப்பலோடை, 1973

இந்தியப் பக்கம் கடைசிப் பெரும் முத்துக்குளிப்புத் தொடர் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்தது. அதன் பிறகு இன்றுவரை இல்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972ல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது இயக்குநர் எஸ்.இசட். காசிம். ஜப்பான் அந்தக் காலத்தில் இந்தத் தொழில்நுட்பத்தை வெளியாருக்குச் சொல்வதே இல்லை என்ற கொள்கையில் இருந்தது. முறையின் சுருக்கம் புத்தகத்தில் இருக்கும். கத்தியை எந்தக் கோணத்தில் வைப்பது, துண்டை எந்தப் பக்கம் திருப்பி ஒட்டுவது என்பது கையில்தான் இருக்கும். கே. அழகர்சாமி சொந்த முயற்சியில் அந்தக் கையைப் பழக்கிக்கொண்டார். 1973 ஜூலையில் வேப்பலோடைப் பண்ணையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து கிடைத்தது.

1981ல் அடுத்த படி. தூத்துக்குடி ஆய்வகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரித்தே வளர்த்துவிட்டார்கள். முட்டையிலிருந்து வரும் நுண்புழுப் பருவம் தண்ணீரில் மூன்று வாரத்துக்கு மேல் மிதந்து திரியும். அதற்கு ஐசோக்ரைசிஸ் என்ற நுண்பாசியைத் தீனியாகக் கொடுத்து, ஒட்டும் பருவம் வரை காப்பாற்ற வேண்டும். பாரை நம்பாமல் சிப்பி பெறும் வழி கிடைத்தது. 1980களின் பிற்பாதியில் இப்படிப் பொரித்த பல லட்சம் குஞ்சுகளைக் கடலில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள்.

பார்கள் பழையபடி எழவில்லை. விட்ட குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன? பிழைத்தவை பேரன் பேத்தி எடுத்தனவா? அப்போது இதைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லை. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த சிப்பிக்கும் கடலில் பிறந்த சிப்பிக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கிடையாது. டிஎன்ஏவில்தான் தெரியும். ஹெர்ட்மனிடம் படகும் நுண்ணோக்கியும் இருந்தன, அழகர்சாமியிடம் கத்தியும் கையும் இருந்தன. இருவரிடமும் இல்லாதது சிப்பியின் ஜாதகம்.

சிவந்த தசை

1990களின் தொடக்கத்தில் ஜப்பான் ஆண்டுக்குச் சுமார் 70 டன் முத்து எடுத்துக்கொண்டிருந்தது. 1994 வாக்கில் எஹிமே பகுதியில் ஆரம்பித்து, மேற்கு ஜப்பான் முழுக்கச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஓட்டை இழுத்து மூடும் தசை செம்பழுப்பாக மாறியிருந்தது. உற்பத்தி சரிந்து, பின்னர் 20 டன் அளவில் நின்றது. 2019ல் இன்னொரு அடி. இந்த முறை இளஞ்சிப்பிகள். போர்வைத் திசு சுருங்கி, வளர்ச்சி நின்று, கோடையில் மடிந்தன. இந்த வாடல் நோய்க்குக் காரணம் பிர்னா வகை வைரஸ் ஒன்று என்று அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சிப்பிக்குத் தடுப்பூசி கிடையாது. நம்மைப் போலக் குறிப்பிட்ட கிருமியை நினைவில் வைக்கும் எதிர்ப்புப் புரதங்களை அது செய்வதில்லை. பிறவியிலேயே கொண்டுவரும் பாதுகாப்பு மரபணுக்களை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். ஆகவே மருந்துக்கு முன்னால் ஜீனோமைப் படிக்க வேண்டியிருந்தது.

படிக்க முடியாத புத்தகம்

ஓட்டு மரபணுக்களைத் தனித்தனியாகத் தேடும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. 1996ல் நாக்ரீன், 1997ல் எம்எஸ்ஐ60, 2009ல் பிஃப் என்று முத்துப்பூச்சைக் கட்டும் புரதங்கள் இந்தச் சிப்பியிலிருந்தே அடையாளம் காணப்பட்டன. பிஃப் மரபணுவை அடக்கினால் முத்துப்பூச்சின் ஒழுங்கான அடுக்கு குலைந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு வரி. முழுப் புத்தகம் இல்லை.

2012 பிப்ரவரியில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தகேஷி தகேயுச்சி, நோரியுகி சாத்தோ குழுவினர் பிங்டாடா ஃபுகாட்டாவின் முதல் வரைவு ஜீனோமை வெளியிட்டார்கள். இருவோடு கொண்ட உயிர்களிலேயே முதலில் வெளியானது இதுதான். சுமார் 115 கோடி எழுத்து. மனித ஜீனோமில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அதே ஆண்டு செப்டம்பரில் சீனக் குழு பசிபிக் உணவுச்சிப்பியின் ஜீனோமை நேச்சர் இதழில் வெளியிட்டது.

இரண்டு குழுவுக்கும் தொல்லை கொடுத்தது என் மடிக்கணினியில் தெரிந்த அதே ரெண்டு மேடுதான்.

ஜீனோமை ஒரே இழையாகப் படிக்கும் கருவி இல்லை. துண்டு துண்டாகப் படித்து, ஒன்றோடொன்று ஒட்டும் இடம் பார்த்துக் கோக்க வேண்டும். ஒரே புத்தகத்தின் ரெண்டு பிரதியைக் கிழித்துக் கலந்து போட்டுவிட்டு ஒட்டச் சொல்வது மாதிரி. பிரதிகள் ஒரே மாதிரி இருந்தால் எந்தக் கிழிசல் எந்தப் பிரதி என்ற கவலை வேண்டாம். சிப்பியில் அப்பா பிரதியும் அம்மா பிரதியும் வரிக்கு வரி வேறுபடுகின்றன. ஒரே நிரலை ரெண்டு பேர் பத்து வருசம் தனித்தனியே திருத்திவிட்டு ஒரு நாள் சேர்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்று என் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கோக்கும் மென்பொருள் ஒவ்வொரு இடத்திலும் தடுமாறிக் கோவையை அறுத்துவிடும்.

சீனக் குழு இதற்காக நாலு தலைமுறை அண்ணன் தங்கை இணைசேர்க்கை செய்த சிப்பியை எடுத்துக்கொண்டது. வேறுபாட்டைக் குறைத்துவிட்டால் கோப்பது எளிதாகும் என்று. அப்படியும் போதாமல், டிஎன்ஏவைச் சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே கோத்துப் பிறகு சேர்த்தார்கள். ஆக, 2012ல் கிடைத்த ஜீனோம் என்பது ரெண்டு பிரதியையும் உருக்கி வார்த்த ஒரு சராசரிப் பிரதி. வேறுபாடு அங்கே இடைஞ்சல், வடிகட்ட வேண்டிய இரைச்சல்.

பத்து ஆண்டு கழித்து 2022ல் தகேயுச்சியும் மற்றவர்களும், மிக்கிமோட்டோ நிறுவனத்தின் ஆய்வகத்தையும் சேர்த்துக்கொண்டு, அதே சிப்பியின் ஜீனோமை வேறு மாதிரி செய்தார்கள். நீளமான துண்டுகளைப் படிக்கும் கருவிகள் வந்துவிட்டன. 14 ஜோடிக் குரோமோசோம்களையும் அப்பாவுடையது தனி, அம்மாவுடையது தனி என்று பிரித்தே கோத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: 9ஆம் குரோமோசோம் ஜோடியில் ரெண்டு பிரதிக்கும் பெரிய வித்தியாசம். அந்த இடத்தில் குவிந்திருந்தவற்றில் பல, நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக்கள்.

2012ல் இடைஞ்சலாகத் தெரிந்த வேறுபாடு, 2022ல் சிப்பியின் ஆயுதக் கிடங்காகத் தெரிந்தது. தகேயுச்சி குழுவின் கவலை நேரடியானது. நல்ல முத்துக்காக மூன்று தலைமுறைக்கு மேல் உறவுக்குள்ளேயே சேர்த்தால் மரபு வேறுபாடு வெகுவாகக் குறையும். அது இந்த எதிர்ப்பு மரபணுப் பகுதியில் குறைந்தால் கிருமி வரும்போது கூட்டத்துக்கே ஒரே விதி. 1994ன் சாவுக்கு இதுதான் காரணம் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனா தாங்கும் சக்தியை எங்கே தேட வேண்டும் என்பதற்கு முதல் வரைபடம் கிடைத்துவிட்டது.

கடலின் லாட்டரி

இப்போது அந்தப் பெரியவரின் கணக்குக்கு வருகிறேன்.

ஒரு பெண் சிப்பி கோடிக்கணக்கில் முட்டையிடுகிறது. பெரும்பாலான முட்டைகள் வீண். நீரோட்டம், வெப்பம், தீனி மூன்றும் ஒரே வாரத்தில் ஒத்துவந்தால், அந்த வாரம் முட்டையிட்ட சில சிப்பிகளின் பிள்ளைகள் மட்டும் கடலை நிரப்பிவிடும். மற்றவர்களுக்குப் பிள்ளையே இல்லை. இதைக் கலிபோர்னியாவின் டென்னிஸ் ஹெட்ஜ்காக் 1994ல் லாட்டரிப் பரிசோடு ஒப்பிட்டு ஒரு கருதுகோளாகச் சொன்னார். கண்ணுக்குக் கோடிச் சிப்பி தெரியும். மரபுக் கணக்கில் அவற்றின் பெற்றோர் வெகு சிலராக இருக்கலாம்.

ஹெர்ட்மன் பெரிய பாரில் பார்த்ததும் அந்தப் பெரியவர் சொன்னதும் இந்த லாட்டரியைத்தான் என்று எனக்குத் தோணுது. வரும் வருசம் பரிசு விழுந்த வருசம்.

இதே ஆள் இன்னொன்றையும் காட்டினார். உணவுச்சிப்பி ஒவ்வொன்றும் உயிரைப் பறிக்கக்கூடிய ஒளிந்த மரபுக் குறைகளைப் பத்து வாக்கில் சுமந்து திரிகிறது. அப்பா வழியும் அம்மா வழியும் வேறாக இருக்கும்வரை அவை வெளியே வராது. உறவுக்குள் சேர்த்தால் வெளியே வரும், குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் சாகும். அந்த ரெண்டு மேடு சிப்பிக்கு அலங்காரம் இல்லை, உயிர்.

இனி குஞ்சு பொரிப்பகத்தை யோசித்துப் பாருங்கள். பத்து தாய், பத்து தகப்பன் போதும், லட்சக்கணக்கில் குஞ்சு வந்துவிடும். கடல் எப்போதாவது நடத்தும் லாட்டரியை நாம் ஒவ்வொரு தொட்டியிலும் நடத்துகிறோம். அந்தக் குஞ்சுகளைப் பாருக்குக் கொண்டுபோய் விட்டால், எண்ணிக்கை ஏறும், வேறுபாடு குறையலாம். 1980களில் இதைப் பற்றிக் கவலைப்பட யாரிடமும் தரவு இல்லை. இன்று அந்தச் சாக்கு இல்லை.

ரெண்டு வருச ஒப்பந்தம்

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஆசிரியர் பட்டியலையும் பார்ப்பேன். இந்தத் துறையில் தரவைக் கோப்பது, மரபணுக்களை அடையாளமிடுவது, நள்ளிரவில் குஞ்சுத் தொட்டித் தண்ணீரை மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிகப் பணியில் இருக்கும் போஸ்ட்டாக் ஆய்வாளர்கள் தலையில்தான். அவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது ரெண்டு, மூன்று வருச ஒப்பந்தம். ஒரு முத்துச்சிப்பி வளர்ந்து, கரு வைத்து, முத்து எடுக்க ஜப்பானில் மூன்று நாலு வருசம். நோய் தாங்கும் வம்சம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று தலைமுறையாவது வேண்டும். கணக்குப் போட்டால், ஒருவர் தொடங்கும் சோதனையின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப்போவது அவருக்கு அடுத்தடுத்து வருபவர்.

ஹெர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். தங்கியது ஹார்னல். பார்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு தங்கியவர் எழுதியது. கடலோரத்தில் அறிவு சேர்வது இப்படித்தான். கணினியில் ஒரு வாரத்தில் ஜீனோம் கோக்கலாம், சிப்பியை அவசரப்படுத்த முடியாது.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நம் கடலோரப் பச்சை மட்டியின் ஜீனோமை 15 குரோமோசோம் அளவுக்குக் கோத்து வெளியிட்டுவிட்டது. அதே கண்ணாடியை மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி மேல் திருப்ப வேண்டும் என்பது என் ஆசை. தூத்துக்குடிப் பாரில் இன்று ஒட்டிக்கிடக்கும் சிப்பிகளும் இலங்கைப் பார்ச் சிப்பிகளும் ஒரே கூட்டமா, தனித்தனியா? 9ஆம் குரோமோசோமில் அவற்றிடம் ஜப்பான் சிப்பியிடம் இல்லாத வகைகள் உண்டா? பார்களைக் குஞ்சு விட்டு நிரப்பும் திட்டம் எதுவாக இருந்தாலும், முதலில் இந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, பிறகு பல பத்துத் தாய் தகப்பன்களை வைத்துத் தொடங்கட்டும். காட்டுச் சிப்பியின் வேறுபாடு ஒருமுறை போனால், எந்தத் தொட்டியிலும் பொரித்து எடுக்க முடியாது.

1961க்குப் பிறகு பார் மூடிக் கிடக்கிறது என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனா முத்து வணிகத்துக்குப் போதாத அந்த மிச்சச் சிப்பிகளுக்குள்தான், இரண்டாயிரம் வருசமாக மணலிலும் புயலிலும் சூரன் மட்டியின் நெருக்கத்திலும் தப்பிப் பிழைத்த மரபு இருக்கிறது. அதன் வரைபடத்திலும் ரெண்டு மேடு இருக்கும் என்று நம்புகிறேன். யாராவது அந்தத் தரவைப் பொதுவில் போட்டால், அன்று ராத்திரியே இறக்கிப் பார்த்துவிடுவேன்.

அடுத்த பதிவில் பச்சை மட்டி. கணக்கிலோ உயிரியலிலோ நான் எங்காவது சறுக்கியிருந்தால், துறை சார்ந்தவர்கள் தயங்காமல் திருத்துங்கள்.